தறி நின்ற நாட்களில் ஏழு பாட்டு

இன்று காலைப் பேப்பரில் உன் ஊர்ப் பெயர் வந்திருந்தது. ஐந்தாம் பக்கத்தின் அடியில், 'நாளைய மின்தடை' என்ற கட்டத்துக்குள், பத்துப் பன்னிரண்டு ஊர்களோடு சேர்ந்து. காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை, பராமரிப்புப் பணி. நான் இருப்பது சரவணம்பட்டியில். சோமனூர்ப் பக்கம் கரண்ட் போனால் எனக்கு ஒன்றும் இல்லை. இருந்தும் தலைப்புச் செய்திக்கு முன்னால் அந்தக் கட்டத்தைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. பார்த்ததும் கை போனை எடுத்துவிட்டது, "நாளைக்கு ஷட்டவுன் புள்ள, மைக்கை எடுத்து வை" என்று உனக்குச் சொல்ல.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. போனைக் கீழே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. போன வாரம் உன் தம்பியிடம் சொல்லிவிட்டேன். உன்னிடமும் சொல்லிவிடுவதுதான் முறை.

நாம் சேர்ந்தது அவிநாசி ரோட்டு ஓட்டல் ஒன்றில். சனிக்கிழமை மாலைகளில் நீ பாடுவாய், நான் பியானோ. எனக்குப் பியானோ சர்ச்சிலிருந்து வந்தது. உனக்கு ஜாஸ் எங்கிருந்து வந்தது என்று கடைசி வரை நீ ஒழுங்காகச் சொல்லவில்லை. கேட்டால், "எங்கூட்டுத் தறி ஒண்ணு நேரா ஓடாது, அதுகிட்டக் கத்துக்கிட்டேன்" என்பாய். உன் குரல் எப்போதும் தாளத்துக்குச் சற்றுப் பின்னால்தான் வரும். நான் ஒன்று என்று அடித்தால் நீ ஒன்றேகாலுக்கு வருவாய். முதல் மாதம் எனக்கு எரிச்சல்.

"இப்படிப் பின்னாடியே வந்தா நான் எங்க நிக்கறது?"

"நீ எங்கயும் நிக்காத. போயிட்டே இரு புள்ள, நான் வாரேன்."

அப்படித்தான் வந்தாய். வரி முடிகிற இடத்தில் எப்படியோ இருவரும் ஒன்றாக இருப்போம். ஒருமுறை பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் கைதுடைக்கும் தாளில் 'கொஞ்சம் வேகமாகப் பாடவும்' என்று எழுதிக் கொடுத்தனுப்பினார். அதைப் பத்திரமாக மடித்து கிட்டார் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாய். சுருதி சேராத நாட்களில் அதை எடுத்துப் படித்துவிட்டு, "பெரியவங்க சொன்னாக் கேக்கோணும்" என்று இன்னும் மெதுவாகப் பாடுவாய்.

முதல் ஆல்பம் முழுக்க இங்கிலீஷ், முழுக்க உன் பாட்டு, முழுக்க என் பியானோ. அதை வாடகை ஸ்டுடியோவில் பதிந்தோம். அது வெளிவந்த சில மாதங்களில், ஓட்டல் வாசல்படியில் உட்கார்ந்து அடுத்ததைப் பற்றிச் சொன்னாய். "கொஞ்சம் தமிழ்லயும் வருது. ஊட்டுல தெலுங்கு, இங்க இங்கிலீஷ், பஸ்ஸுல தமிழ். நான் எதுல யோசிக்கிறேன்னு எனக்கே தெரியல. தெரியாததையே போட்டுப் பாக்கலாம்." பிறகு இன்னொன்றும் சொன்னாய். "ஸ்டுடியோல என் குரல் விருந்துக்கு வந்தவ மாதிரி இருக்குது. இது ஊட்டுல பாடோணும்."

உன் வீட்டில் எப்படிப் பாடுவது? சுவருக்கு அந்தப்பக்கம் உன் தம்பியின் எட்டு விசைத்தறி. எதிர்ச்சாரியில் பதினாறு. தெரு முழுக்கத் தறி குடோன்கள். பகலும் இரவும் அந்தச் சத்தத்தில் உன் அம்மா டிவியில் வாயசைவைப் பார்த்தே சீரியலைப் புரிந்துகொள்வார். ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு. ஆனால் எனக்குச் சர்ச், உங்கள் தெருவுக்கு மைக்செட். யோசனை சொன்னது உன் தம்பி. விளையாட்டாகத்தான் சொன்னார்.

"மாசம் ஒருக்கா ஷட்டவுன் வருதுல்லங்க. அன்னிக்குப் பாடுங்க. ஒரு தறி ஓடாது."

நீ சிரிக்கவில்லை. பேப்பரை எடுத்து மின்தடைக் கட்டத்தைத் தேடினாய்.

அப்படி மாதத்துக்கு ஒரு நாள், நாளுக்கு ஒரு பாட்டு. லேப்டாப்பை முந்தின இரவே சார்ஜ் செய்துவிடுவாய். இரண்டு மைக், உன் கிட்டார். என் கீபோர்டுக்கு மட்டும் கரண்ட் வேண்டும், அதற்கு வீட்டு இன்வெர்ட்டர். அது ஒரு மாதிரி ரீங்கரிக்கும். உன் அம்மா அதன் மேல் பழைய ஜமக்காளத்தைப் போட்டு மூடினார், சூடாகி வாடை வந்ததும் எடுத்தார். ஒன்பது மணிக்குத் தெரு சட்டென்று அடங்கும். நீ வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, "நம்மூருக்கே காது கேக்குது இன்னிக்கு" என்பாய். முதல் மூன்று பாட்டு அப்படி வந்தன. மூன்றும் இங்கிலீஷ்.

நான்காம் மாதம் நான் வந்து கீபோர்டை விரித்தபோது, நீ கிட்டாரைத் துடைத்துக்கொண்டே சொன்னாய், "ஏம் புள்ள, இன்னிக்கு இன்வெர்ட்டர் வேண்டாம்னு பாக்கறேன்."

"ஏன்?"

"இரைச்சல் வருதுல்ல."

மூன்று மாதமாக வந்த இரைச்சல்தான். இன்வெர்ட்டர் இல்லை என்றால் கீபோர்டு இல்லை, கீபோர்டு இல்லை என்றால் நான் இல்லை. இருவருக்கும் தெரியும். "நீ வேண்டாம்னு இல்ல," என்றாய், என்னைப் பார்க்காமல். "பாட்டு அப்படிக் கேக்குது." நான் சரி என்றேன். சண்டை போட்டிருக்கலாம். நம் ஊர் மரியாதை நம்மைச் சண்டை போட விடவில்லை. அன்று நீ பாடிய தமிழ்ப் பாட்டு நன்றாக இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அதன் பிறகு எனக்கு ஒரு வேலை கொடுத்தாய். மின்வாரிய லைன்மேனுக்குப் போன் செய்து, வேலை எப்போது முடியும், லைன் எப்போது கொடுப்பார்கள் என்று கேட்டுச் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் எத்தனை முறை பாடிப் பார்க்கலாம் என்று நீ முடிவு செய்வாய். "அம்மணி, நீதான் டைம் பாக்கோணும். உன்னையவிட்டா எனக்கு ஆரு?" பியானோக்காரிக்குப் போன் உத்தியோகம். லைன்மேன் நல்ல மனிதர். இரண்டாவது மாதம் கேட்டே விட்டார்.

"ஏனுங்க மேடம், ஊரே கரண்ட் எப்ப வரும்னு கேக்குது. நீங்க மட்டும் எப்ப வரைக்கும் வராதுன்னு கேக்கறீங்க. அப்படி என்னங்க பண்றீங்க?"

"பாடறோமுங்க."

"சரிங்க," என்றார், இதற்கு மேல் கேட்பது நாகரிகமில்லை என்பது போல.

ஏழாவது பாட்டுத்தான் கடைசி. திருச்சியிலிருந்து பஸ்ஸில் வரும் மகளிடம் அம்மா போனில் கேட்கிற பாட்டு. எங்கே வருகிறாய், கரூர் தாண்டியாச்சா, வெள்ளகோவில் தாண்டியாச்சா, காங்கேயம் தாண்டியாச்சா என்று நான்கு கேள்வி. மகள் ஒவ்வொன்றுக்கும், இன்னும் வராத அடுத்த ஊரைத் தாண்டியாச்சு என்று பொய் சொல்வாள். உன் அம்மா உன்னிடம் கேட்பதும் நீ சொல்வதும் அப்படியே. மாதக்கணக்கில் அதை எனக்குப் போனில் பாடிக் காட்டிக்கொண்டிருந்தாய். அதற்கு நான் என் வீட்டில் ஒரு பியானோ வாசிப்பைச் செய்து வைத்தேன். உனக்குச் சொல்லவில்லை. ஆல்பத்தை என் கையோடு தொடங்கினோம், என் கையோடு முடிப்பாய் என்று நினைத்தேன்.

அன்று காலை கீபோர்டைக் காரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டு வந்தேன். நீ வாசலுக்கு வந்து, கண்ணாடி வழியாக அதைப் பார்த்தாய்.

"அதைக் கீழ எறக்க வேண்டாம் புள்ள. வெயிலாருக்குது."

கீபோர்டு வெயிலில் கரைகிற பொருள் இல்லை. நான் தலையாட்டிவிட்டு உள்ளே வந்தேன். காலையில் நான்கைந்து முறை பாடினாய், எதுவும் சரியாக வரவில்லை. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானம் சாப்பிட்டு முடித்து, நீ மைக் முன்னால் உட்காருவதற்கு முன் கேட்டாய், "போன் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன். நாலு மணிதானாம்."

நான் பண்ணவில்லை. காலையிலிருந்து போனைத் தொடவே இல்லை. இதுதான் நான் உன்னிடம் சொல்லாதது.

நீ தலையாட்டிவிட்டுத் தொடங்கினாய். முதல் கேள்வி, இரண்டாவது கேள்வி. காலையில் வராதது எல்லாம் வந்தது. அந்த வருடம் முழுக்க நீ எதைத் தேடினாயோ அது அந்த அறைக்குள் இருந்தது. மூன்றாவது கேள்வி முடிந்து நான்காவதுக்குப் போகும்போது எதிர்க் குடோனில் ஒரு தறி ஓடத் தொடங்கியது. மணி இரண்டுகூட ஆகவில்லை. பிறகு இன்னொன்று. பிறகு சுவருக்கு அந்தப்பக்கம் உங்களுடையவை, ஒவ்வொன்றாக. நீ நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிட்டார் வாசிப்பதை மட்டும் விட்டாய். குரல் தறிக்குச் சற்றுப் பின்னால் போயிற்று. என் பியானோவுக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் வருவாயோ அதே தூரத்தில். பல்லடம் தாண்டியாச்சு என்று மகள் சொல்கிற கடைசிப் பொய்யில் நீயும் தறிகளும் ஒன்றாக வந்து நின்றீர்கள்.

"கரண்ட் சீக்கிரம் வந்துருச்சு," என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

"வந்தா வந்துட்டுப் போகுது. காபி குடிக்கலாம் வா."

அடுத்த ஷட்டவுனில் மறுபடி பாடலாம் என்றார்கள் எல்லோரும். நீ பாடவில்லை. தறிச் சத்தம் விழுந்ததையே ஆல்பத்தில் சேர்த்தாய். ஆல்பத்துக்குப் 'பராமரிப்பு' என்று பெயர் வைத்தாய். பழைய ஜாஸ்காரிக்கும் பிறகு வந்த தமிழ்ப் பாட்டுக்காரிக்கும் நடுவே நிற்கிற ஆல்பம் அது என்று இப்போது சொல்கிறார்கள். கடைசிப் பாட்டில் தறிகளைக் கொண்டுவந்தது பெரிய துணிச்சல் என்றும் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் காது சூடாகும். உறையின் உள்பக்கத்தில் யார் யார் என்ன வாசித்தார்கள் என்று போட்டிருந்தாய். ஏழாவது பாட்டுக்கு இரண்டே வரி. குரலும் கிட்டாரும் என்பதற்கு நேரே உன் பெயர். தறிகள் என்பதற்கு நேரே என் பெயர்.

என்னைக் குத்திக் காட்டுகிறாய் என்று நினைத்தேன். இரண்டு மாதம் உனக்குப் போன் செய்யவில்லை. நீயாக வந்து, என் வீட்டு வாசலில் நின்று, "ஏனுங்க, இங்க பியானோ வாசிக்கிறவங்க இருந்தாங்களே, உசுரோட இருக்காங்களா?" என்று கேட்டாய். மூன்றாவது ஆல்பத்தில் நான் இல்லை. அது எனக்கு வலிக்கவில்லை, அதற்குள் நாம் வேறு மாதிரிச் சிநேகிதிகள் ஆகிவிட்டோம். உன் கடைசி வருடத்தில் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கார் ஓட்டினேன். எல்லாம் பேசினோம். ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது, "அந்த ஏழாவது பாட்டு," என்று தொடங்கினேன். "அதுல தறி நல்லா வாசிச்சிருக்கே," என்று நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாகிவிட்டது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பச்சை விழுந்துவிட்டது.

போன வாரம் உன் தம்பி ஹார்ட் டிஸ்க்கோடு வந்தார். வருட நினைவுக்கு அந்த ஆல்பத்தைத் திரும்ப வெளியிட வேண்டுமாம்.

"இப்பெல்லாம் சாப்ட்வேர்ல தறி சத்தத்தைத் தனியா எடுத்துரலாமுங்க அக்கா. எடுத்துப்போட்டு, அதுல உங்க பியானோவைச் சேர்த்துட்டா முழுசாயிரும். எங்கக்காவுக்கும் அந்த ஆசை இருந்திருக்குமுங்க."

பதினொரு வருடத்துக்கு முன்னால் நான் எதற்காகக் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தேனோ அதை என் மேசை மேல் கொண்டுவந்து வைத்தார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அதனால்தான் சொல்ல வேண்டியதாயிற்று. போன் செய்யாததையும், உன்னிடம் பொய் சொன்னதையும், ஏன் என்பதையும் சொன்னேன். அவர் காபியைக் கீழே வைத்தார்.

"அன்னிக்குங்களா? லைன்மேன் எனக்கே போன் பண்ணிட்டாருங்க, வேலை முடிஞ்சுது, ரெண்டு மணிக்குள்ள லைன் குடுத்துருவோம்னு. நீங்க பொறவாசல்ல கை கழுவிட்டிருந்தீங்க. நான் அக்காகிட்டச் சொல்லிப்போட்டேன். தறியை வேணா நிறுத்தி வெச்சுக்கட்டுமான்னு கேட்டேன். 'வரட்டும் விடு, ஓட்டறவங்க காலைல இருந்து சும்மா உக்காந்திருக்காங்க'ன்னு சொல்லுச்சுங்க."

அப்படியானால், போன் பண்ணிட்டியா என்று என்னைக் கேட்டபோது உனக்கு நேரம் தெரியும். நான் சொன்னது பொய் என்றும் அந்த நொடியே தெரியும். தெரிந்துகொண்டு ஏன் கேட்டாய் என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். காலையிலிருந்து நான் வாய் திறக்கவில்லை. ஒருவேளை என்னைப் பேச வைப்பதற்கு மட்டும் கேட்டிருப்பாய்.

உன் மேல் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. அந்தப் பாட்டில் எனக்கென்று இருந்தது ஒரு தப்புத்தான். அதையும் நீ எனக்கு முன்னாலேயே தெரிந்து வைத்துக்கொண்டு, வரட்டும் என்று கதவைத் திறந்துவிட்டிருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம்.

"தறியை எடுக்காதீங்க," என்றேன் உன் தம்பியிடம். "பியானோவும் வேண்டாம்."

"அப்ப உங்க பேருங்க? அது வெளையாட்டுக்குப் போட்டதுதானுங்களே. மாத்திரலாமா?"

"அதையும் அப்படியே விட்டுருங்க."

அந்தப் பாட்டுக்கு நான் செய்து வைத்த பியானோ இன்னும் விரலில் இருக்கிறது. யாரும் கேட்டதில்லை, நீயும் கேட்டதில்லை. ஆபீஸ் மேசையிலும் காரின் ஸ்டீயரிங்கிலும் பாட்டு ஓடும்போது விரல் தானாக வாசிக்கும். மூன்று கேள்வி வரை வாசிக்கிறேன், நீ பின்னால் வருகிறாய். தறி தொடங்குகிற இடத்தில் கையை எடுத்துவிடுகிறேன். அங்கே நான்தான் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருக்கிறேனே.