வளைவில் நிற்கும் தண்ணீர்

அடியே, இன்று காலை என் அடுக்களை முழுக்கப் பலாப்பழ வாசனை. வீட்டில் பலாப்பழம் இல்லை. இது அதற்கான மாதமும் இல்லை. அலமாரி, குப்பைக்கூடை எல்லாம் துழாவிவிட்டுக் கடைசியில் சிங்க் ஓட்டையைக் குனிந்து முகர்ந்தேன். அங்கிருந்துதான் வருகிறது. காடாம்புலியூரிலிருந்து உன் அண்ணன் கொண்டுவந்து போடும் பழத்தை, கையில் எண்ணெய் வழிய உட்கார்ந்து சுளை எடுப்பாயே, அப்போது வரும் அதே வாசனை. உன் வீடு பூட்டிக் கிடக்கிறது. நீ போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பிவிட்டது. இதை வேறு யாரிடம் போய்க் கேட்பேன், உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

மைன்ஸில் நம் வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ் முதுகோடு முதுகு ஒட்டியவை. என் அடுக்களைச் சுவருக்கு அந்தப் பக்கம் உன் அடுக்களை. பாத்திரம் கழுவத் தரையோடு ஒரு தொட்டி. குந்தி உட்கார்ந்துதான் தேய்க்க வேண்டும். எனக்கு முழங்கால் போயிற்று, உனக்கு இடுப்பு. "கம்ப்ளைன்ட் எழுதிப் போடு, வருவாங்க" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுவார். "அவங்க வர்றதுக்குள்ள நம்ம எலும்பு தேஞ்சி பூடும். வாடி, நாமளே சிங்க் போட்டுக்கலாம்" என்றாய் நீ.

மந்தாரக்குப்பத்துக் கடையில் நீ கேட்ட கேள்விகளில் கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது. வாஷர் மேலே வருமா கீழே வருமா, மரைக்கு டேப் எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று குடைந்தெடுத்தாய். வளைந்த குழாய் ஒன்றை எடுத்து, "இது எதுக்குங்க? நேரா உட்டா ஆவாதா?" என்றாய்.

"இந்த வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி தங்கும்மா. அது நிக்கிற வரைக்கும் கீழ கெடக்கறது மேல வராது" என்றார் அவர். சாக்கடை நாற்றத்தைச் சொல்கிறார் என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வீட்டுச் சிங்க்கின் குழாய்களும் சுவருக்குள் சேர்ந்து ஒரே குழாயாக வெளியே போகும்படி நாமே பொருத்தினோம். நான் ஸ்பேனரைத் தூக்கியதும் பிடுங்கி வைத்தாய். "கையால இறுக்கினா போதும்டி. ஸ்பேனர் போட்டா பிளாஸ்டிக்கு வாயப் பொளந்துடும்." முதல் தண்ணீர் ஊற்றியபோது ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. கப்பலைக் கட்டி மிதக்கவிட்டவர்கள் மாதிரி இரண்டு பேரும் குதித்தோம்.

ஒருநாள் நீ ஒரு அண்டாத் தண்ணீரை ஒரே மூச்சில் உன் சிங்க்கில் கவிழ்த்தாய். என் சிங்க்கில் களக்கென்று ஒரு சத்தம். உன் தண்ணீர் போகிற வேகத்தில் என் வளைவில் நின்றதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. யாரோ கடைசி வாய் வரைக்கும் உறிஞ்சிக் குடித்தது போல இருந்தது. பின்னாலேயே உன் குரல் மங்கலாக வந்தது. நான் அலறிய அலறலில் நீ செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தாய். விஷயம் தெரிந்ததும் உனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இந்த வளைவக் கழட்டிட்டா இன்னும் நல்லா கேக்குமே!"

ஊரில் எவளாவது செய்வாளா? நாம் செய்தோம். இரண்டு வளைவையும் கழற்றிப் பையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டு, நேர்க்குழாயைச் செருகினோம். நாற்றம் வராமலிருக்க ஓட்டையின்மேல் ஒரு தட்டு, தட்டின்மேல் அம்மிக்குழவி. இரண்டு பேர் கையிலும் செல்போன் இருந்தது. ஆனாலும் கரண்டியால் சிங்க்கைத் தட்டி, "அடியே, கேக்குதா?" என்று கேட்டால்தான் உனக்குப் பேச்சு வரும். "ரெண்டு பேரும் சாக்கடைக்குள்ள குடும்பம் நடத்துறீங்க" என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். என் மகளைப் பாப்பா பாப்பா என்று கூப்பிட்டு, பரீட்சைக்குப் பாடம் கேட்டதுகூட அந்த வழியாகத்தான். உனக்குப் பிள்ளை இல்லை. அவளைத்தான் அப்படி வைத்துக்கொண்டிருந்தாய்.

பிறகு உன் கிட்னி இரண்டும் கெட்டுப்போயின. குடிக்கிற தண்ணீரை டம்ளரில் அளந்து கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். கட்டிலை அடுக்களைக்குள் போடச் சொல்லி அடம்பிடித்தாய். மத்தியான ஷிஃப்டுக்குச் சங்கு ஊதி ஆண்கள் போன பிறகு கரண்டிச் சத்தம் வரும். "அடியே, ஒரு சொம்பு ஊத்தேன். குடிக்கத்தான் கூடாது, சத்தமாவது கேக்குறேன்." நான் மெதுவாக ஊற்றுவேன். "இன்னும்" என்பாய். ஊற்றிக்கொண்டே அழுவேன். அழுகைச் சத்தம் உனக்குக் கேட்கக் கூடாதென்று முந்தானையை வாயில் திணித்துக்கொள்வேன்.

நீ போனதும், காரியம் முடிகிற வரைக்கும் நீ கிடந்த இடத்தில் விளக்கும் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்தார்கள். காலையில் பார்த்தால் தண்ணீர் குறைந்திருக்கும். "வந்து குடிச்சிட்டுப் போவுது" என்றாள் உன் நாத்தனார். வெக்கையில் வற்றியிருக்கும் என்று நான் வாயாடினேன். உன் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகி ஊரோடு போனார். வீட்டைப் பூட்டி, தண்ணீர் வால்வையும் அடைத்துவிட்டார்கள். வளைவை மட்டும் திரும்ப மாட்ட எனக்கு மனசு வரவில்லை. குழவியை நகர்த்திவிட்டு எத்தனையோ மத்தியானம் அந்த ஓட்டையில் காது வைத்து நின்றிருக்கிறேன். கிடைத்தது வெறும் காற்று.

போன வாரம் வளைகாப்பு முடிந்து பாப்பாவை வீட்டுக்கு அழைத்துவந்தேன். மறுநாள் மத்தியானம் டம்ளர் விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். சிங்க்கைப் பார்த்தபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அம்மா, அத்தை கூப்பிட்டாங்க."

"எந்த அத்தைடி?"

"பக்கத்து வீட்டு அத்தை. 'பாப்பா, தண்ணி'ன்னு."

நீ சிங்க்கைத் தட்டித் தண்ணீர் கேட்டது அவளுக்குத் தெரியாது. அப்போது அவள் ஹாஸ்டலில் இருந்தாள். நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. இத்தனை நாள் காது வைத்துக் காத்திருந்த என்னை விட்டுவிட்டு, பிள்ளையைச் சுமந்து நிற்கிறவளைக் கூப்பிடுகிறாயே என்று ஆத்திரமும் வந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. உன்னை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். ஆனால் அவள் வயிற்றில் இருப்பதன்மேல் உன் தாகம்கூடப் படக் கூடாது.

அவளை அவள் அப்பாவோடு கோயிலுக்கு அனுப்பிவிட்டு ஆணியிலிருந்த பையை இறக்கினேன். சிங்க்குக்கு அடியில் தவழ்ந்து நேர்க்குழாயைப் பிடுங்கினேன். வாஷர் காய்ந்திருந்தது; தேங்காயெண்ணெய் தடவினேன். மரையில் டேப் சுற்றி, வளைவை வைத்து, நீ சொன்னபடி கையாலேயே இறுக்கினேன். ஊற்றுவதற்கு முன் கரண்டியால் ஒருமுறை தட்டி, "அடியே, கேக்குதா?" என்றேன். "போயிட்டு வாடி" என்று ஒரு சொம்பு ஊற்றினேன். வளைவில் தண்ணீர் நின்றது. அடியில் விரித்த செய்தித்தாளில் ஒரு சொட்டு இல்லை.

மறுநாள் காலை ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். வளைவு காலி. தாள் காய்ந்தே கிடந்தது. ஒரே ராத்திரியில் வற்றாது. பக்கத்து வீட்டில் யாராவது அண்டாத் தண்ணீரைக் கவிழ்த்திருந்தால் இழுத்துக்கொண்டு போயிருக்கும். உன் சிங்க்கில் கவிழ்க்கத் தண்ணீரும் இல்லை, ஆளும் இல்லை. திரும்ப ஊற்றினேன். அடுத்த காலையும் காலி. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மைன்ஸில் அவருக்குப் பம்ப் பக்கம் வேலை, கீழே கிடக்கிற ஊற்று மேலே பொங்காமல் ஓயாமல் இறைக்கிற வேலை. குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார். "தினம் ஊத்திடு. நிறுத்தாதே" என்றார்.

இன்று பலா வாசனை வந்ததும் புரிந்துவிட்டது, வளைவு காலி. இரண்டு சொம்பாக ஊற்றினேன். நீ "இன்னும்" என்பாயே, அந்த இடம் வந்ததும் நிறுத்தாமல் மூன்றாவதும் ஊற்றினேன். இனி உனக்கு டம்ளரில் அளந்து கொடுப்பவர் யாருமில்லை. வேண்டிய மட்டும் எடுத்துக்கொள். நான் இருக்கிற வரைக்கும், கண் விழித்ததும் என் கை முதலில் சொம்பைத்தான் எடுக்கும். பாப்பாவை மட்டும் விட்டுவிடு. தாகம் எடுத்தால் என்னைக் கூப்பிடு. எனக்குக் கேட்கும்.