சந்தை நாளில் பார்த்த ஆஸ்பத்திரி

8-7
காலையிலிருந்து தூறல். அன்னாசி ஒரு லோடு நாமக்கல்லுக்கு. சாக்கு போதவில்லை.

மகள் கவிதாவுக்குக் கவர்மெண்ட் நர்ஸ் வேலை உறுதி. 11-ந் தேதி ஊர் தேர்ந்தெடுக்கும் கவுன்சிலிங். ஒன்று, நம் மலை ஆஸ்பத்திரி. இல்லாவிட்டால் சென்னை. இப்போது கோவையில் தனியாரில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறாள். சர்ட்டிபிகேட் எல்லாம் அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் பீரோவில்.

"மலைல வேலை எப்படின்னு நேர்ல பாத்துச் சொல்லுங்கப்பா."

9-7
சந்தை. சரக்கு சீக்கிரம் முடிந்தது. சொல்லாமல் கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன், விலை பேசுமுன் தோட்டம் பார்க்கப் போவதுபோல. நோயாளி மூன்றே பேர். சரோஜா சிஸ்டர் உட்கார்ந்து ரெஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தார். உடனே போன் போட்டேன்: "வேலையே இல்ல கண்ணு. கண்ண மூடிட்டு எடுத்துக்க."

வீட்டுக்காரிக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான்.

10-7
டிரைவர் மாரிக்கு அன்னாசி வெட்டும்போது கையில் கத்தி வெட்டிவிட்டது. கூட்டிப்போனால், கேட் வரை வரிசை. சிஸ்டர் ஒரே ஆள். இன்னொருவர் லீவு. வரிசையில் முன்னால் நின்றவரிடம் சிஸ்டர் கேட்டார்:

"காச்சல் மூணு நாளாங்கறே. நேத்தே வரக்கூடாதா சாமி?"

"நேத்து சந்தைங்களே சிஸ்டர்."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. சந்தையன்று எங்கள் வாழவந்தி நாட்டு மலை ஊர்களில் எந்த வீட்டிலும் ஆள் இருக்காது. இருபது வருட வியாபாரம், எனக்குத் தெரியாதா? அன்றைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வேலையே இல்லை என்றேனே.

மாரிக்குத் தையல் போட்டுக்கொண்டே சிஸ்டர்: "சந்தையன்னிக்குத்தானுங்க எனக்கு எழுத நேரம். மத்த நாள் சோறு திங்கவே மூணு மணி ஆயிருது."

சாயங்காலம் கவிதாவிடம் உள்ளதைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் பக்கத்திலேயே இருப்பாள். அந்த நினைப்பும் வந்தது.

எல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு, "இங்க ஹாஸ்டல்ல எங்கள உள்ள வெச்சு வெளிய பூட்டறாங்கப்பா. அங்க குவார்ட்டர்ஸ்ல உள்ள தாப்பாள் போட்டுக்க முடியுமா?"

அதை நான் பார்க்கவே இல்லை.

11-7
காலையில் முதல் வேலை, சிஸ்டரிடம் கேட்டேன். சிரித்தார். "நாற்காலிய முட்டுக் குடுத்துக்கறதுங்க. தாப்பாள் கேட்டு மேல எழுதிப் போட்டு வருசம் ஆச்சு."

அப்படியே கவிதாவுக்குச் சொன்னேன்.

மத்தியானம் அவள் போன். "சென்னை எடுத்துட்டேன்ப்பா. மூணு ஷிப்ட்டாம், எட்டு மணி நேரம்தான். கோவிச்சுக்காதீங்க."

"நல்லதுதான் கண்ணு."

வீட்டுக்காரிக்குக் கோபம். "உங்க வாய வெச்சுட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல?" இருந்திருக்கலாம்.

12-7
வெயில். பலா விலை இறக்கம். லாரி டயர் ஒன்று மாற்ற வேண்டும்.

தாப்பாள் ஒன்று வாங்கி, மர ஆசாரியைக் கூட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் போனேன்.

"ஏனுங்க, பொண்ணுதான் வரலையாமே. அப்பறம் தாப்பாள் எதுக்குங்க?" என்றார் சிஸ்டர்.

"நீங்க இருக்கீங்கல்ல." ஆசாரி பொருத்தி முடித்ததும் சொன்னேன்: "உள்ள போயிப் போட்டுப் பாருங்க."

போட்டார். நானும் ஆசாரியும் வெளியே நின்று தோள் கொடுத்துத் தள்ளினோம். கதவு அசையவில்லை.