துண்டு போர்த்தியது அவருக்கு, நீந்தியது நீ

இன்று உன் கருமாதிக்கு வந்தேன். உங்கள் தெருமுனையில் கட்டியிருந்த பேனரில் உன் படத்தைப் பார்த்ததும் கண் கலங்கியது. கீழே எழுதியிருந்ததைப் படித்ததும் கலங்கிய கண் காய்ந்துபோனது. 'நீச்சல், சைக்கிள், ஓட்டப் பந்தய வீரர்' என்று கொட்டை எழுத்தில் உன் வீட்டுக்காரர் பெயர். அவருடைய அன்பு மனைவி என்று அதற்கடியில் நீ. உன் பெயர் சின்ன எழுத்தில் இருந்தது. வெயிலில் நின்று இரண்டு தடவை படித்தேன். தப்பாகப் படித்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன்.

உனக்கு நினைவிருக்கும். எண்பதுகளின் தொடக்கம். பட்டணத்தில் எங்கேயோ பார்த்துவிட்டு வந்த யாரோ ஒருவர் சொல்லி, நம் பக்கத்து இளைஞர் மன்றங்கள் புதிதாக ஒரு பந்தயம் வைத்தன. முதலில் நீச்சல், கரையேறியதும் சைக்கிள், இறங்கியதும் ஓட்டம். அந்த நோட்டீஸை நான்தான் உன்னிடம் கொண்டுவந்து காட்டினேன். பால் கேனைக் கழுவிக்கொண்டே படிக்கச் சொல்லிக் கேட்டாய்.

"இதைத்தான புள்ள நான் தெனமும் செய்யறேன்? இதுக்கு கப்பு வேற குடுக்கறாங்களா?"

வேடிக்கையாகச் சொன்னாலும் நிஜம் அதுதான். நீச்சல் பழக முதுகில் சுரைக்குடுக்கை கட்டி உங்கள் தோட்டத்துக் கிணற்றில் உன்னைத் தள்ளிவிட்டபோது உனக்கு ஆறு வயதிருக்கும். கல்யாணமான பிறகு தினமும் விடியற்காலையில் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, ஆண்பிள்ளை சைக்கிளில் சொசைட்டிக்குப் போய் வந்தாய். ஓட்டத்துக்கு மட்டும் வாய்க்கால் வரப்பில் தனியாகப் பழகினாய்.

முதல் பந்தயம் சங்ககிரிப் பக்கம் ஓர் ஏரியில். வீட்டுக்காரரின் அரைக்கால் சட்டைக்கு மேல் சேலையை வாரிச் செருகி, அவருடைய காக்கிச் சட்டையையும் போட்டுக்கொண்டு வந்து நின்றாய். இளவட்டங்களுக்கு ஒரே சிரிப்பு.

"ஏனுங்க்கா, பால் ஊத்த வந்தீங்களா?" என்றான் ஒருவன்.

"ஆமா சாமி, உனக்குத்தான். குடிச்சுட்டுத் தெம்பா ஓடு."

அன்றைக்குச் சேலை சைக்கிள் சங்கிலியில் மாட்டி, நீ கடைசிக்கு முந்தி வந்தாய். ஆனால் உன்னைக் கேலி செய்தவன் ஏரியிலேயே பாதியில் காவலுக்கு நின்ற பரிசல்காரர் கையைப் பிடித்துவிட்டான். அடுத்தது கொண்டப்பநாயக்கன்பட்டியில். மலை அடிவாரத்து மேட்டில் மற்றவர்கள் இறங்கிச் சைக்கிளைத் தள்ளியபோது நீ இறங்கவேயில்லை. பரிசு இல்லை, ஆனாலும் பாதிப் பேருக்கு முன்னால் வந்தாய். திரும்பி வரும் பஸ்ஸில் உள்ளங்கால் கொப்புளத்தை ஊதிக்கொண்டே சொன்னாய்: "எனக்குக் கப்பு கூட வேண்டாம் புள்ள. மைக்குல ஒருக்கா எம் பேரச் சொல்லோணும். பால்காரம்மான்னு இல்ல. எம் பேர."

மூன்றாவது பந்தயம் மாசி மாதம், பள்ளிபாளையத்தில். காவேரியில் தண்ணீர் குறைந்து பாறைகள் தலைகாட்டிய நேரம். ஈரோட்டுக் கரையிலிருந்து நீந்தி வரவேண்டும். நான் இந்தக் கரையில் உன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடு ஆற்றில் உன் தலை தெரியாமல் போன நேரம் சைக்கிளோடு தண்ணீர் ஓரம் வரை இறங்கிவிட்டேன். பாறை கிழித்த முழங்காலோடு கரையேறி, என் கையிலிருந்து சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு திருச்செங்கோட்டு ரோட்டில் போனாய். கடைசி ஓட்டத்தில் மூன்றாவதாக வந்து கயிற்றைத் தாண்டினாய். கூட்டம் கை தட்டியது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் இத்தனை வருடமாக எனக்குச் செரிக்காதது.

முதல் மூன்று பேரை மேடைக்கு அழைத்து, தலைமை தாங்கும் அரிசி மில் முதலாளி துண்டு போர்த்திக் கப்பைக் கொடுப்பது ஏற்பாடு. முதல் இருவருக்கும் போர்த்தியாகிவிட்டது. உன் முறை வந்ததும் மேடையில் குசுகுசுவென்று பேச்சு. மைக்கை அணைக்க மறந்துவிட்டார்கள். ஊரே கேட்டது.

"பொம்பளைக்கு எப்புடிங்க துண்டு போத்தறது?"

"ஊட்டுக்காரர் வந்திருக்காருல்ல? அவரக் கூப்புடுங்க."

கூப்பிட்டார்கள், அவர் பெயரைச் சொல்லி. அவர் வெள்ளை வேட்டியோடு ஏறினார். துண்டைப் போர்த்தினார்கள். கப்பைக் கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். தலை ஈரம் காயாமல், முழங்காலில் ரத்தம் வழிய நீ கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

நான் பொறுமைசாலி என்று, வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் பெயர் வாங்கியவள். அன்றைக்கு மேடைப் படியில் ஏறி மன்றச் செயலாளரைப் பிடித்துக் கேட்டேன். "ஓடுனது அவ. பரிசு எதுக்குங்க அவருக்கு?"

"ரெண்டு பேரும் ஒரே ஊடுதானுங்களே டீச்சர். கப்பு அங்கதான போவுது?"

"அப்போ உங்க ஊட்டுல கொழந்த பொறந்தப்ப, உங்களத்தான் கட்டில்ல படுக்க வெச்சு மருந்து குடுத்தாங்களா?"

அவர் எட்டி மைக்கை அணைத்தார். நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய். "உடு புள்ள. குடிக்கத் தண்ணி இருந்தாக் குடு." அன்றைக்கு மைக்கில் உன் பெயரை யாருமே சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனது எப்படி என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வருகின்றன. கப்பைப் பிடித்திருந்ததால் அவரால் சைக்கிள் ஓட்ட முடியவில்லை. நீ மிதித்தாய். தோளில் துண்டும் மடியில் கப்புமாக அவர் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வருட நோட்டீஸில் புதிதாக ஒரு வரி சேர்த்தார்கள்: ஆண்களுக்கு மட்டும். உன் முதல் வருடமே கடைசி வருடமும் ஆனது. கூடத்தில் அந்தப் போட்டோ தொங்கியது. பார்த்தவர்கள் 'நீந்துனது நீங்களா?' என்று கேட்டார்கள், அவர் சிரித்தார். பிறகு கேட்பதையும் நிறுத்திவிட்டு, அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். ஒரு பெண் பரீட்சை எழுதி, மார்க்கை அவள் அண்ணன் பெயரில் போட்டால் ஊர் சும்மா இருக்குமா? இதற்கு மட்டும் சும்மா இருந்தது.

இன்று சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் யாரோ, "அந்தக் காலத்துல காவேரியவே நீந்துனவருங்க" என்று அவரைக் காட்டிச் சொன்னார்கள். நான் எல்லோரும் கேட்கக் கேட்டேன். "நீந்துனது யாருங்க? நீங்களே சொல்லுங்க."

அவர் உன் படத்தின் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார். "எனக்கு நீச்சலே தெரியாதுங்க டீச்சர்."

உன் மகள் கையிலிருந்த இலைக்கட்டை அப்படியே கீழே வைத்தாள். "அப்போ அந்தக் கப்புங்கப்பா?"

"உங்கம்மாளுது. போத்துனாங்க, நின்னேன்."

அவ்வளவுதான். போர்த்தினார்கள், நின்றார். இந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல நீ சாக வேண்டியிருந்தது. அவர் அழுதார். எனக்கு இரக்கம் வரத்தான் செய்தது. ஆனால் கோபம் போகவில்லை, போகவும் வேண்டாம்.

பேனரை உன் மகளே அவிழ்த்துவிட்டாள். ஆனால் நான் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை, தெரியுமா? கணக்குப் புத்தகத்தில் ஆற்றைக் கடப்பவன் எப்போதும் ஆண்தான். ஓய்வு பெறும் வரை, காலமும் தூரமும் பாடம் வந்தபோதெல்லாம், கரும்பலகையில் உன் பெயரை எழுதினேன். நீ ஆற்றை நீந்திக் கடந்தாய், சைக்கிளில் போனாய், ஓடினாய். எத்தனை வேகம் என்று பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு வருடமும் பின் பெஞ்சிலிருந்து யாராவது ஒரு பெண் எழுந்து, "டீச்சர், பொம்பளை ஆத்த நீந்துவாங்களா?" என்று கேட்பாள்.

"நீந்துனா. நான் கரையில நின்னு பாத்தேன். நீ கணக்கைப் போடு."