ரம் பாட்டிலில் ஊற்றிய ஒயின்

மாப்ள,

இன்று காலை கடை ஷட்டரைத் தூக்கினால் சிவப்புப் புனல் முழுக்க எறும்பு. ரெண்டு நாளாகச் சிதம்பரத்தில் மழை. ஈரத்துக்குப் பயந்து சுவரேறிய எறும்புகள் காயில் சுற்றும் மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்குகிற உன் புனலைக் கண்டுபிடித்துவிட்டன. நீ போன பிறகு நான் அதைக் கழுவவில்லை. விரலை விட்டுத் தேய்த்து முகர்ந்து பார்த்தேன். திராட்சை புளித்த அந்த இனிப்பு வாசனை இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாழாய்ப்போன வாசனை. ரெண்டு மோட்டார் பிரித்தபடி கிடக்கிறது, கை ஓடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று உனக்கு வருஷப் படையல். அதில் பெரிய ரகளை. ரகளை செய்தது வேறு யாருமில்லை, நான்தான்.

முந்தாநாள் என் தங்கச்சி, உன் பெண்டாட்டி வசந்தா போன் செய்தாள். "அண்ணா, படையல்ல வைக்க அவருக்குப் புடிச்சதப் பாத்து வாங்கியா" என்றாள். நானும் போய் கவர்மென்ட் கடையில் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் ஒயின் கேட்டேன், இனிப்பாக இருக்கிற சிவப்பு ஒயின். விற்பவர் மேல்தட்டில் தேடி ஒரு பாட்டிலை எடுத்து, லுங்கித் துணியால் தூசியைத் துடைத்தார். ஊரெல்லாம் அதை ஒயின்ஷாப் என்றுதான் சொல்கிறோம், அங்கே ஒயின் கேட்டவனை அவர் பார்த்தே பல மாசம் ஆகியிருக்கும்.

எனக்குப் பின்னால் நின்றவன், "இன்னாண்ணே, அண்ணிக்கா?" என்று சிரித்தான்.

சட்டையைப் பிடித்து அவனைக் கம்பித் தடுப்போடு வைத்து நெரித்தேன். அவன் கண் பிதுங்கியது. நாலு பேர் சேர்ந்துதான் என்னைப் பிரித்தார்கள். "பைத்தியமாய்யா நீ?" என்று கேட்டான் பாவம். அவன் மேல் என்ன தப்பு? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே சிரிப்பை முதலில் சிரித்தவன் நான்தானே.

உன் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம். சிதம்பரத்தில் தெற்கு வீதிக்குப் பின்னாலிருந்த மண்டபத்து மொட்டைமாடி. பெண்ணின் அண்ணன் என்பதால் ரெண்டு பக்கத்து ஆம்பளைகளையும் 'கவனிக்கிற' பொறுப்பு என் தலையில். நம்ம பக்கத்து ஆட்கள் கட்சி மாறினாலும் மாறுவார்கள், சரக்கை மாற்றமாட்டார்கள். எங்கப்பாவுக்குப் பிராந்தி, அதுவும் வெந்நீரில் கலந்து. கேட்டால் சளிக்கு மருந்து என்பார். பெரியப்பா மகனுக்கு வோட்கா, வீட்டில் நாற்றம் தெரியாதாம், அண்ணிக்கு மூக்கே இல்லை என்று அவன் நினைப்பு. எனக்கு ஒரே ஒரு பீர், பிடித்தால் கை வலிக்கிற அளவுக்குச் சில்லென்று இருக்கவேண்டும், இல்லையென்றால் தொடமாட்டேன். மாப்பிள்ளைக்கு என்ன என்று கேட்டபோது உன்னோடு வந்த லோடு ஆட்கள் மார்தட்டிக்கொண்டார்கள்.

"மேஸ்திரிக்கு நீங்க ஒண்ணும் வாங்க வேணாங்க. அவரு பாட்டில அவரே எடுத்தாந்துட்டாரு. ரம்மு. ஒரு சொட்டு தண்ணி ஊத்த மாட்டாரு, ராவாத்தான்."

நீ சுவரோரம் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாய். சில்வர் டம்ளர் நிறைய ஊற்றி, மோர் குடிப்பதுபோல் குடித்துக்கொண்டிருந்தாய். முகம் சுளிக்கவே இல்லை. எங்கள் ஆட்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். சனியன் பிடித்த மிளகாய் பஜ்ஜியைக் கடித்துவிட்டு, கார வேகத்தில் கைக்கு எட்டிய உன் டம்ளரை எடுத்து ஒரே மடக்காக விழுங்கினேன். தொண்டை எரியும் என்று கண்ணை மூடினால், இனித்தது! குழந்தைக்குக் கொடுக்கிற இருமல் மருந்துபோல் இனித்தது.

சிரித்துவிட்டேன். அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "அய்யோ மாப்ள, இது ஒயி..." என்று கத்தினேன்.

வார்த்தை முடியவில்லை. உன் கையிலிருந்த பாட்டில் என் இடது புருவத்தில் இறங்கியது. பாட்டில் உடையவில்லை, புருவம் உடைந்தது.

அப்புறம் நடந்தது உனக்கும் தெரியும். இரும்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எங்கப்பா உன் மேல் பாய்ந்தார். உன் ஆட்கள் பந்தல் கழியைப் பிடுங்கினார்கள். பெரியப்பா மகனுக்குத் தோள் இறங்கியது, உன் ஆள் ஒருவனுக்கு விரல் முறிந்தது. மாடிப்படியில் செருப்பும் ரத்தமும் தேங்காய்ப் பத்தையுமாகக் கிடந்தது. மருதாணி காயாத கையை விரித்துப் பிடித்தபடி வசந்தா ஓடிவந்து நடுவில் நின்றாள்.

"இந்தக் கல்யாணம் நடக்காது! வண்டிய எடுங்கடா!" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்து, "எதுக்குடா ஒன்ன அடிச்சான்? சொல்லுடா!" என்றார்.

மாடியே என்னைப் பார்த்தது. ஒரு கண்ணில் ரத்தம் இறங்கியிருந்தது, இன்னொரு கண்ணால் உன்னைப் பார்த்தேன். பயந்த மாடு மாதிரி பார்த்தாய். வசந்தாவைப் பார்த்தேன். அவள் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாம்பா தப்பாப் பேசிட்டேன். அவுங்க அம்மாவப் பத்தி" என்றேன்.

அப்பா அதே இடது பக்கத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். கல்யாணம் நடந்தது. உங்கள் ஆல்பத்தில் மண்டைக்கட்டோடு நிற்கிற ஒரே ஆள் நான்.

அன்று ராத்திரி, எனக்குத் தையல் போட்ட ஆஸ்பத்திரிக்கு நீ தனியாக வந்தாய். ஆறு தையல். பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்லிடாத மச்சான்" என்றாய். அதுவரை நாம் 'நீங்க, வாங்க'தான். அந்த நிமிஷத்திலிருந்து நீ, வா, போ.

"ஏன்யா, ஒயினு குடிச்சா தலையா போயிடும்?"

"போவும் மச்சான். செம்மங்குப்பத்துல பதினெட்டு பேரு என் பேச்சக் கேட்டுத்தான் கெமிக்கல் டிரம்ம தூக்குறான். ஒயினு குடிக்கிறவன் பேச்ச எவன் கேப்பான்?"

"அப்ப ரம்மையே குடிச்சித் தொலையேன்."

"கசக்குது மச்சான். இது இனிப்பா இருக்கு. எனக்கு இனிப்பு புடிக்கும். அவ்ளோதான்."

அவ்வளவுதான்! அந்த அவ்வளவுக்குத்தான் என் மண்டையை உடைத்தாய். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தங்கச்சி மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் நீ எழுந்தாய்.

அன்றிலிருந்து உனக்கு ஒயின் வாங்குகிற வேலை எனக்கு. கடலூரில் வாங்கினால் உன் ஆட்கள் பார்ப்பார்கள், சிதம்பரத்தில் வாங்கினால் என்னைத் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். அதனால் மாசத்துக்கு ஒருமுறை ஆற்றைத் தாண்டி புதுச்சேரிப் பக்கம் போவேன். காயில் போன மோட்டார் கூட்டுக்குள் ரெண்டு பாட்டிலைச் செருகிக்கொண்டு திரும்புவேன். ஒருமுறை ஆல்பேட்டை செக்போஸ்டில் போலீஸ்காரர் எடுத்துப் பார்த்துவிட்டு, "வைனா? வீட்டம்மாவுக்கா?" என்றார். "ஆமாங்க சார், ஒடம்புக்கு நல்லதுன்னாங்க" என்று தலையைச் சொறிந்தேன். நீ ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வருவாய். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உன் பழைய ரம் பாட்டிலில் இந்தப் புனலை வைத்து ஊற்றுவோம். ஒரு சொட்டு சிந்தினாலும் விரலால் வழித்து நக்குவாய். "மெதுவாடா, சிந்துது பாரு" என்பாய், மருந்து அளக்கிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

நீ சாது என்று பொய் எழுதமாட்டேன். வசந்தா மேல் நீ ஒரு நாளும் கை வைத்ததில்லை. மற்ற எல்லாரையும் அடித்திருக்கிறாய். டிரம்மைக் காலால் உருட்டியவனை அடித்தாய், குள்ளஞ்சாவடியில் பஸ் கண்டக்டரை அடித்தாய், என் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தியவனைக்கூட விடவில்லை. ஊர், "ரம்மு அடிக்கிற அடி" என்றது. அத்தனையும் தெளிவாக இருந்தபோது அடித்த அடி என்பது எனக்குத்தான் தெரியும். அடித்துவிட்டு என் கடைக்கு வந்து மூலையில் உட்கார்ந்துகொள்வாய்.

போன வருஷம் குறிஞ்சிப்பாடியில் உன் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நீ, குழந்தையை மடியில் வைத்திருந்தாய். ஊசி இறங்கியதும் அவள் உன் கையைக் கடித்தாள், நீ அவளோடு சேர்ந்து கண் கலங்கினாய். மத்தியானம் கறிச்சோறு. மண்டபத்துக்குப் பின்னால் சமையல் கொட்டகையோரம் வழக்கம்போல் கூட்டம் கூடியது. உன் சித்தப்பா மகன் ராஜாங்கம் புது ஃபுல் பாட்டிலைத் திருகித் திறந்தான்.

"ஒன் பாட்டில்ல இன்னா ஊத்தி வெச்சிருக்கியோ, எவன் கண்டான்? இத ராவா அடி, பாக்கலாம். ஆம்பளையான்னு தெரிஞ்சிடும்."

நீ என்னைப் பார்த்தாய். நாலடி தள்ளித்தான் நான் நின்றேன். கல்யாணத்து மாடியில் பார்த்த அதே பார்வை. என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, மாப்ள. 'அவன் குடிக்கிறது ஒயின்டா, விடுங்கடா' என்று ஒரு வார்த்தை. சத்தியம் செய்த நாக்கு புரளவில்லை. 'சொல்லாதே' என்றுதான் பார்க்கிறாய் என்று நினைத்தேன். இல்லை, 'சொல்லு' என்று பார்த்தாயா? இந்த ஒரு வருஷமாக அந்தப் பார்வையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், விளங்கவில்லை.

நாலு டம்ளர் குடித்தாய். நாலாவதில் வாந்தி எடுத்தாய். ராஜாங்கம் கைதட்டினான். "இவ்ளோதானா ஒங்க ரம்முக்காரரு!" சாம்பார் கரண்டியை எடுத்து அவன் காதைப் பிளந்தாய். அவனும் அவன் மச்சினன்கள் ரெண்டு பேரும் விறகுக்கட்டையோடு உன் மேல் விழுந்தார்கள். மற்ற நாளாக இருந்தால் மூன்று பேர் உனக்கு ஒரு பொருட்டா? அன்றைக்கு உன் கால் தரையில் நிற்கவில்லை. நான் ஒருத்தன் முதுகில் நாற்காலியை உடைத்தேன். ராஜாங்கத்தைத் தள்ளி, வாயிலேயே மிதித்தேன், பல் என் செருப்பில் குத்தியது. எனக்குப் பின்னால் தேங்காய் உடைகிற சத்தம். அண்டா இறக்குகிற சிமெண்ட் மேடையில் உன் தலை.

ஆம்புலன்ஸில் உன் தலையை மடியில் வைத்திருந்தேன். வண்டி முழுக்க ரம் நாற்றம், ரத்தத்தை மீறி அதுதான் அடித்தது. குள்ளஞ்சாவடி தாண்டும்போது கண்ணைத் திறந்தாய்.

"வாயெல்லாம் கசக்குது மச்சான்" என்றாய். கடலூர் வருவதற்குள் போய்விட்டாய்.

ராஜாங்கத்தின் மேலும் அவன் மச்சினன்கள் மேலும் கேஸ் நடக்கிறது. 'எப்பவும் ரம் குடிச்சிட்டு சண்டை இழுக்கிற ஆளு' என்று அவர்கள் தரப்பில் சொல்கிறார்கள். கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

இனி நேற்றைய கதை. கடலூரில் உன் வீட்டுக் கூடத்தில் இலை போட்டு, வறுத்த வஞ்சிரமும் கறியும் அதிரசமும் வைத்திருந்தார்கள். உன் ஆட்கள் பதினெட்டு பேரும் வந்திருந்தார்கள். போட்டோவுக்கு முன்னால் அவர்கள் வாங்கிவந்த ஒரு ஃபுல் ரம், கழுத்தில் பூச்சுற்றி. கற்பூரம் ஏற்றப் போகிறார்கள். நான் பையிலிருந்து ஒயினை எடுத்து, லேபிள் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன்.

"இன்னாங்க இது, மேஸ்திரிக்குப் போயி ஒயினு வெக்கிறீங்க!" என்று ஒருவன் சிரித்தான். ரெண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

பூவோடு ரம் பாட்டிலைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். கண்ணாடி இலையெல்லாம் தெறித்தது. கழுத்து மட்டும் கையில் நின்றது, அதை அவன் பக்கம் நீட்டினேன். எவனாவது கிட்டே வந்திருந்தால் குத்தியிருப்பேன், மாப்ள, சத்தியமாக.

"அவன் பொறந்ததுலேர்ந்து ரம்மு குடிச்சதில்லடா! ஒரே ஒரு நாளு குடிச்சான். அன்னிக்கிதான் செத்தான்!"

என் உள்ளங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது. வசந்தா வந்து அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள். ஒயினைத் திறந்து, உன் சில்வர் டம்ளரில் விளிம்புவரை ஊற்றி, போட்டோவுக்கு முன்னால் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்ணா. பதினோரு வருஷம் கூட இருந்தேன். அவரு மேல ஒரு நாளும் ரம்மு வாசன வந்ததில்ல."

"அப்ப ஏண்டி அன்னிக்கி சொல்லல?" என்று கத்தினேன்.

"அவரு எங்கிட்ட சொல்லலியேண்ணா. ஒங்கிட்டத்தான் சொன்னாரு. அன்னிக்கி சமையக் கொட்டாயாண்ட நின்னு ஒன்னையேதான் பாத்துக்கிட்டிருந்தேன், எங்கண்ணன் இப்ப சொல்லிடும், இப்ப சொல்லிடும்னு."

கற்பூரத்தை ஏற்றப் போய்விட்டாள்.

புருவத் தழும்பை இப்போது தொட்டுப் பார்க்கிறேன். மழை நாளில் அது இழுக்கும். அன்றைக்கு ஒரு வார்த்தை முடிவதற்குள் அடித்தாய். குறிஞ்சிப்பாடியில் அதை நான் முழுசாகச் சொல்லியிருந்தால், அத்தனை பேர் முன்னாலும் என் மண்டையைப் பிளந்திருப்பாய். இந்த ஜென்மத்துக்கு என்னோடு பேசியிருக்கமாட்டாய். பிளந்திருக்கட்டுமே, மாப்ள. இன்னொரு ஆறு தையல் போட்டுக்கொண்டு நான் வீடு வந்திருப்பேன். நீயும் வந்திருப்பாய்.