அத்தை எடுக்காத போட்டோக்கள்

உ
ஆண்டவன் துணை

மார்ச் 4, செவ்வாய்

என் அண்ணன் பெத்த மகனுக்கு அத்தை எழுதிக்கிறது. நான் சுகம். நீயும் சுகம்தான், குறட்டை சமையல்கட்டு வரைக்கும் கேக்குது.

ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு என்ன லெட்டர்னு பாக்காத. தனியா வெளிய போகக் கூடாதுன்னு நீ சொன்ன பேச்சை நீயே வாபஸ் வாங்கற வரைக்கும் உன்கூட வாய் திறக்க மாட்டேன்னு விளக்கு முன்னாடி சொல்லிட்டேன். எழுத மாட்டேன்னு சொல்லல. தினமும் சர்க்கரை டப்பாவுக்கு அடியில பாரு.

பார்க்குல அந்தக் குழந்தை தளதளன்னு இருந்துச்சு. கண்ணு பட்டுடுமேன்னு கன்னத்தைத் தடவி நெட்டி முறிச்சேன், ஒரு போட்டோவும் எடுத்தேன். அதோட அம்மா கத்திட்டா, காவலுக்கு இருந்தவன் வந்தான், உன்னை ஆபீசுல இருந்து வரவழைச்சாங்க, உனக்குத் தலைகுனிவு. தப்புதான். ஊரான் பிள்ளையைத் தொட்டதும் தப்பு, கேக்காம படம் எடுத்ததும் தப்பு. அந்தம்மாவை அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டுட்டேன். அதுக்காக நீ போனைப் புடுங்கி பீரோவுல பூட்டி, வீட்டுச் சாவியையும் தூக்கிட்டுப் போறது எந்த நியாயம்? உலகத்தைக் காட்டறேன்னு கூட்டிட்டு வந்து ஏழாவது மாடியில ஊறுகாய் ஜாடி மாதிரி மூடி வச்சிருக்க.

கதவு தானா பூட்டிக்கும், போனா திரும்ப வர முடியாதுன்னு மிரட்டின. வாஸ்தவம். அதனால நேத்து காலையில இறங்கினவ, நீ ஆறு மணிக்கு வர்ற வரைக்கும் தெருவுலயே இருந்தேன். அரை மணி நடக்க நினைச்சவளைப் பகல் பூரா நடக்க வச்சிட்ட. மகராசனா இரு.

என்ன பாத்தேன்னு கேளு. ரெண்டு ஆளு ஒரு வீட்டு அகலத்துக்குக் கண்ணாடி ஒண்ணைத் தூக்கிட்டு நடுத்தெருவுல போனாங்க, முகம் பாக்கற கண்ணாடி. எதிர்ல வந்த அத்தனை பேரும் அதுல தன்னைப் பாத்து ஏதாவது ஒண்ணு சரி பண்ணிக்கிட்டாங்க. ஒரு பெரிய மனுஷன் வயித்தை எக்கிக்கிட்டான். அப்புறம் நான் வந்தேன் அதுல. சேலை, அதுக்கு மேல உன்னோட பழைய கோட்டு, சாக்ஸு, செருப்பு. யாருடா இந்த அம்மான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. பரவாயில்ல, பாக்க லட்சணமாத்தான் இருந்தா.

இப்படிக்கு,
உன்கூடப் பேசாத அத்தை

---

மார்ச் 5, புதன்

அத்தை,

விளையாடாதீங்க. உங்களுக்குப் பாஷை தெரியாது, ரோடு தாண்டத் தெரியாது, அட்ரஸ் சொல்லத் தெரியாது. ஏதாவது ஒண்ணுன்னா அப்பாவுக்கு யாரு பதில் சொல்றது? மே மாசம் ஊருக்குப் போற வரைக்கும் பொறுமையா இருங்க. ஞாயித்துக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன், பெரிய பெரிய கட்டடம் முன்னாடி நிக்க வச்சு போட்டோ எடுத்துத் தர்றேன். தயவுசெஞ்சு பேசுங்க. வீடு ஒரு மாதிரி இருக்கு.

உங்க மருமகன்

---

உ

மார்ச் 10, திங்கள்

அண்ணன் மகனுக்கு,

வீடு ஒரு மாதிரி இருக்கா? இருக்கட்டும்.

ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போனதுக்கு ஆண்டவன் உனக்கு நல்லது செய்யட்டும். முப்பது போட்டோ எடுத்த. எல்லாத்துலயும் நான்தான் இருக்கேன், சம்பந்தி வீட்டு விருந்துல உக்காந்தவ மாதிரி விறைப்பா. தெரு எங்கடா அதுல? ‘நில்லுங்க, சிரிங்க, தள்ளுங்க’ன்னியே தவிர, ‘பாருங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லல.

அந்தக் கட்டடம் முன்னாடி நீ என் தலை தெரியுதான்னு பாத்துக்கிட்டு இருந்தப்ப, உனக்குப் பின்னாடி பஸ் டிரைவரும் சைக்கிள்காரனும் சண்டை. டிரைவர் இறங்கியே வந்துட்டாரு. ரெண்டு பேரும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கிட்டாங்க. அப்ப சைக்கிள்காரன் கையுறை கீழ விழுந்துச்சு. டிரைவர் கத்திக்கிட்டே குனிஞ்சு எடுத்து, மண்ணைத் தட்டி, கத்திக்கிட்டே கையில கொடுத்தாரு. அவன் அதை வாங்கி மாட்டிக்கிட்டு, விட்ட இடத்துல இருந்து திட்டினான். எனக்குப் பாஷை தெரியாதுங்கற. இதுல எந்த வார்த்தைடா எனக்குப் புரியல?

இன்னிக்குத் துணி துவைக்கிற மிஷின் கடைக்குள்ள போய் உக்காந்தேன், சூடா இருக்கும்னு. ஒரு பொண்ணு, உன் வயசு இருக்கும், சுத்தற துணியைப் பாத்துக்கிட்டே அழுதுக்கிட்டு ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தா. பக்கத்துல போனேன். தொடல, கத்துக்கிட்டேன். அவளே பாதியைப் பிச்சு நீட்டினா. எனக்கு இன்னிக்கு விரதம். வாங்கித் தின்னேன். நீட்டின கையைத் திருப்பி அனுப்பற விரதம் எந்தச் சாமிக்கும் வேண்டாம், கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கறேன்.

சட்டினி ஃப்ரிட்ஜுல இருக்கு.

பேசாத அத்தை

---

மார்ச் 11, செவ்வாய்

அத்தை,

துணி துவைக்கிற கடையில முன்பின் தெரியாதவங்க கிட்ட வாங்கிச் சாப்பிட்டிருக்கீங்க. இதுக்கு மேல என்னால பயந்துக்கிட்டு வேலை பாக்க முடியாது. அப்பாகிட்ட பேசிட்டேன். உங்க டிக்கெட்டை வர்ற வெள்ளிக்கிழமைக்கு மாத்திட்டேன். தனியா வெளிய போக மாட்டேன்னு இந்தத் தாள்லயே கீழ கையெழுத்துப் போடுங்க, உடனே பழையபடி மே மாசத்துக்கு மாத்திடறேன். ஏழு வருஷமா இங்க இருக்கேன். இந்தத் தெரு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

மருமகன்

---

உ

மார்ச் 12, புதன்

அண்ணன் மகனுக்கு,

என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும், அஞ்சாம் வகுப்பு வாத்தியாரே மெச்சினது. இதுல போட மாட்டேன்.

இருபத்தெட்டு வருஷம் உன் மாமாகிட்ட கேட்டுட்டுத்தான் வாசப்படி தாண்டினேன். அவரு போனதும் உங்கப்பன்கிட்ட. கோயிலுக்குப் போகவும் ‘அண்ணே, போயிட்டு வரட்டா’தான். இப்ப நேத்துப் பொறந்த உன்கிட்ட. நீ இடுப்புல இருந்தப்ப தெருவெல்லாம் காட்டிச் சோறு ஊட்டினவ நான். வெள்ளிக்கிழமை போன்னா போறேன். பெட்டி கட்டிட்டேன். ஆனா, போக மாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டு இந்த ஜன்னல்ல மே மாசம் வரைக்கும் உக்கார மாட்டேன்.

தெரு உனக்குத் தெரியுமா? எதிர் வரிசை சலூன்காரன் கடை திறக்கறதுக்கு முன்னாடி என்ன பண்றான், சொல்லு பாப்போம். அந்தச் சுத்தற நாற்காலி நாலையும் தெருப் பக்கம் திருப்பி வைக்கறான். வெளிய பஸ்சுக்குக் குளிர்ல நிக்கற வயசானவங்களைக் கூப்பிட்டு உக்கார வைக்கறான். வெள்ளைத் தலை நாலும் கண்ணாடிக்கு உள்ள இருந்து தெருவைப் பாக்குது, சினிமாக் கொட்டாய் மாதிரி. பஸ் வந்தா ஒருத்தர் எந்திரிப்பாரு, அடுத்தவர் உக்காருவாரு. போன வாரத்துல இருந்து, நீ குளிக்கப் போனதும் நான் இறங்கிடறேன். நான் பூஜையில இருக்கேன்னு நீ நினைச்சுக்கிட்டு இருந்த. கடைசி நாற்காலி எனக்கு. போன் இருந்தாலும் போட்டோ எடுத்திருக்க மாட்டேன். படம் எடுக்கணும்னா எந்திரிக்கணும், எந்திரிச்சா நாற்காலி போயிடும்.

நேத்து அங்க உக்காந்து உன்னைப் பாத்தேன். ஏழே முக்காலுக்கு, போனைப் பாத்துக்கிட்டே, கழுத்து வளைஞ்சு, என் மூக்குக்கு முன்னாடி போன. பக்கத்துல இருந்த பெரியவர் உன்னைக் காட்டி என்னமோ சொல்லித் தலையை ஆட்டினாரு. பாவம்னுதான் சொல்லியிருப்பாரு. கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடத்தான் கை போச்சு. உன்கூடப் பேசாத விரதமாச்சே, தட்டாம விட்டுட்டேன்.

நாளைக்கு ஒரு நாள் பாக்கி இருக்கு. காலையில ஏழு மணிக்கு இறங்கறேன். வேணும்னா லீவு போட்டுட்டு வா. முன்னாடி நடக்காத. எங்க போறோம்னு கேக்காத.

அத்தை

---

அத்தை,

லீவு சொல்லிட்டேன். நாளைக்கு ரொம்பக் குளிராம், எட்டு மணிக்குப் போலாம். டிக்கெட்டைப் பத்தி வந்து பேசிக்கலாம்.

---

ஏழு மணிக்குத்தான்.