கதவின் மேல் கட்டிய கயிறு

எஸ்தர்,

மறைமலை நகர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. குக்கரை நீ தூக்காதே. சாதத்தைச் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.

“கை இன்னா கிணத்து வாளியா, கயிறு கட்டி இழுக்க?” என்று நேற்று கத்தினாய். ஆமாம், அதேதான். நல்ல கை கயிற்றைக் கீழே இழுத்தால், கதவின் மேல் மாட்டிய உருளை வழியாக வலிக்கிற கை மேலே போகும். தோள் உழைக்க வேண்டாம், இறுகிய மூட்டு மட்டும் மெல்ல விரியும். அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி இலவசம்தான். தொடர்ந்து பத்து நாள் காலையில் போக வேண்டும், உன் தையல் கம்பெனி லீவு தரவில்லை. அதனால்தான் இதைக் கட்டினேன்.

ஞாயிறுதோறும் உன் கை எட்டிய இடத்தில் சுவரில் கோடு போட்டேன். ஆறு வாரமாக ஒரே இடத்தில்தான் விழுகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.

மாத்திரை வலியை மறைக்கும், மூட்டைத் திறக்காது, வயிற்றையும் புண்ணாக்கும். எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

ஆல்வின்

பி.கு.: மாத்திரை அட்டையை மேல் தட்டில் ஒளித்தது நான்தான், உன் கை எட்டாது என்று தெரிந்தே. வலியென்று இன்றும் நீ வேலைக்குப் போகாவிட்டால் உன் மெஷினில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள். அட்டையை எடுத்துச் சாதத்தின் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்.