இன்ஜின் மூடிக்கு அடியில் பச்சைச் சால்வை

மகாராணிக்கு,

சாப்பாட்டு மேசைமேல் கிடக்கும் கருப்புப் பிளாஸ்டிக், நம் கார் இன்ஜினின் மேல்மூடி. சிவப்புப் பெயிண்ட் அடிக்கலாமென்று காலையில் கழற்றினேன். அடியில் எலிக்கூடு! கண் திறக்காத குஞ்சுகள். அவற்றுக்கு மெத்தை, நார்நாராய்க் கிழிந்த உன் பச்சைச் சால்வை. "நீங்கதான் எங்கயோ தொலைச்சிட்டீங்க"ன்னு பேச்சையே நிறுத்தினாயே, அதேதான்.

தப்பித்தேன் என்று சிரிப்பதா, எலியை விரட்டுவதா? நான் வேலைக்குப் பஸ்ஸில் போகிறேன். நீ காரை எடுத்துவிடக் கூடாதென்றுதான் சாவியும் என்னோடு வருகிறது. குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிடு.

பின்குறிப்பு: தாய் எலி இப்போதுதான் எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது. மூடியைத் திரும்ப மாட்டவா, வேண்டாமா? இதற்கும் சீட்டு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டாதே. வாயைத் திறந்து சொல்.